நகரே நூலாக: சிறுவர் புதையல் தேடலின் வரலாறு

முன்னுரை

நூல் என்னும் ஒரு சொல் தமிழில் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறித்து நிற்கிறது. பஞ்சினின்று இழை நூற்பதுபோலச் சொல்லினின்று நூல் இயற்றப்படும் என்பதையும், மரத்தின் கோணலைத் தீர்க்கத் தச்சன் இடும் நூலைப்போல மாந்தரின் மனக்கோட்டத்தை நூல் தீர்க்கும் என்பதையும் நன்னூற் பாயிரம் உவமை வாயிலாக விளக்கியிருத்தல் கற்றோர் அறிந்ததே. ஒரு நகரத்துத் தெருக்களினூடே செல்லும் வழியொன்று இவ்விரு பொருளிலும் நூலாதல் கூடுமோ? கூடுமெனின், அதனைக் கற்பவர் யாவர்? அது கற்பிப்பது யாது? இவ்வினாக்களுக்கு மேலைநாட்டுச் சிறுவர் விளையாட்டு ஒன்றன் வரலாற்றைக் கொண்டு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐரோப்பிய, அமெரிக்க நகரங்கள் பலவற்றில் பெற்றோரும் சிறுவரும் வழிகாட்டி எவரையும் அமர்த்தாமல் தாமே ஊர்காணப் புறப்படுகின்றனர். அவர்கள் கையில் அச்சிட்ட தாள் ஒன்றோ, சிறு புத்தகமோ, கைப்பேசியோ இருக்கும். அதில் தொடங்கும் இடமும் சில விடுகதைகளும் மட்டுமே தரப்பட்டிருக்கும். வாயில் நிலையின் மேல் செதுக்கிய விலங்கு யாது, விட்டக்கல்லில் பொறித்த ஆண்டு எது, படிகள் எத்தனை என்றாற்போல வரும் வினாக்களுக்கு அவ்வவ்விடத்திலேயே விடை கண்டால்தான் அடுத்த இடத்திற்கு வழி புலனாகும். இறுதியில் விடைகளின் எழுத்துகள் கூடி ஒரு சொல்லாகும். அல்லது ஒரு பெட்டியின் பூட்டைத் திறக்கும். இதனைப் புதையல் வேட்டை என வழங்குவர். வேட்டை என்பதினும் தேடல் என்பதே அதன் இயல்புக்குப் பொருந்துமாதலின், ஈண்டுப் புதையல் தேடல் எனவே குறிப்பிடுவோம்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவாரும் உளர். ஆயின், இதன் வரலாற்றை நோக்குமிடத்து, வெவ்வேறு இடங்களில் தோன்றிய இரு மரபுகள் இதில் வந்து கலந்திருத்தல் விளங்கும். ஒன்று, பொருளை ஒளித்துவைத்துத் தேடச்செய்யும் விளையாட்டு மரபு. மற்றொன்று, நகரையே கல்விக்கூடமாகக் கொண்ட ஆய்வு மரபு. இவ்விரண்டனுள் எது மேலோங்கி நிற்கிறது என்பதைப் பொறுத்தே இவ்விளையாட்டின் தகுதி அமைகிறது என்பது யாம் நிறுவ முற்படும் கருத்தாகும்.

ஒளித்தலும் தேடலும்

இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் என்னும் பரந்த கரம்பு நிலம் உள்ளது. அதன் நடுவே கிரான்மியர்க் குளம் என்னும் எளிதில் அணுகவியலாத சதுப்பிடத்தில், ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி 1854ஆம் ஆண்டில் கற்குவியல் ஒன்றின் இடையே கண்ணாடிப் புட்டி ஒன்றை வைத்தார். அவ்விடத்தை அடைந்தோர் தம் பெயர்ச்சீட்டை அதனுள் இட்டு மீண்டனர். 1905இல் அங்கே வருவோர் கையெழுத்திடும் ஏடு வைக்கப்பட்டது. 1937இல் நிலையான பெட்டி அமைக்கப்பட்டது. நாளடைவில் அக்கரம்பு நிலமெங்கும் பெட்டிகள் மறைத்துவைக்கப்பட்டு, அவற்றைத் தேடுதல் ஒரு விளையாட்டாகவே வளர்ந்தது. இங்கே பெட்டியினுள் விலையுயர்ந்த பொருள் யாதும் இல்லை என்பது கருதத்தக்கது. அரிதின் முயன்று ஓரிடத்தை அடைந்தமைக்குச் சான்று பெறுதலே பயன்.

வடபுலத்திலும் இதனையொத்த மரபொன்று எழுந்தது. நிலப்படமும் திசைகாட்டியும் கொண்டு குறித்த இடங்களைத் தாமே கண்டறிந்து செல்லும் பயிற்சி, சுவீடன், நார்வே நாடுகளில் படைப்பயிற்சியாகத் தோன்றியது. பொதுமக்களுக்கான முதற் போட்டி 1897இல் நார்வேயில் நடைபெற்றது. 1919இல் சுவீடனில் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் இளைஞர்க்கென நடத்திய பெரும் போட்டி இதனைப் பரவலாக்கியது. 1908இல் பேடன் பவல் வெளியிட்ட சாரணர் நூல், கண்ட பொருள்களை நினைவிற் கொள்ளும் பயிற்சியைச் சிறுவர்க்கு வகுத்தது. கிப்ளிங்கின் ‘கிம்’ என்னும் கதையில் சிறுவன் ஒருவன் தட்டில் பரப்பிய மணிகளைச் சிறிதுநேரம் நோக்கி நினைவிலிருந்து உரைக்கும் நிகழ்ச்சியே அப்பயிற்சிக்கு அடிப்படை. அந்நிகழ்ச்சி நம் நாட்டுச் சிம்லாவில் நிகழ்வதாகப் புனையப்பட்டது.

இவ்விளையாட்டு மரபு நெறி பிறழ்ந்தமைக்கும் சான்று உண்டு. 1979இல் கிட் வில்லியம்ஸ் என்னும் ஓவியர் ‘மாஸ்க்கரேட்’ என்னும் பட நூலை வெளியிட்டார். அதன் ஓவியங்களில் மறைந்துள்ள குறிப்புகளை அவிழ்ப்போர், நாட்டில் ஓரிடத்தில் புதைக்கப்பட்ட பொன் முயலைப் பெறலாம் என்பது அந்நூலின் அமைப்பு. பெருந்திரளான மக்கள் பூங்காக்களையும் பிறர் நிலங்களையும் அகழ்ந்து பார்க்கலாயினர். 1982இல் முயலைப் பெற்றவர் விடுகதையை முறையே அவிழ்த்தவர் அல்லர் என்பது 1988இல் வெளிப்பட்டது. புதையல் பொன்னாகும்போது கண் நிலத்தின்மீது செல்லாமல் மண்ணுக்கடியில் செல்கிறது. வழி மறக்கப்பட்டுப் பரிசே எஞ்சுகிறது.

2000ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் அமெரிக்க அரசு, செயற்கைக்கோள் இடங்காட்டும் முறையில் பொதுமக்களுக்கெனக் குறைத்துவைத்திருந்த நுட்பத்தை முழுமையாக வழங்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்னும் ஊரருகே வாளி ஒன்றில் சில பொருள்களை வைத்து, அதன் இடக்கணக்கை உலகறியச் செய்தார். இதிலிருந்து வளர்ந்த புவிப்பெட்டித் தேடலில் பிற்காலத்தே பெட்டியே இல்லாத வகை ஒன்றும் தோன்றியது. அவ்விடத்துக் கல்வெட்டையோ சிலையையோ நோக்கி ஒரு வினாவிற்கு விடை கூறுதலே அதில் கண்டுபிடிப்பாகக் கொள்ளப்படும். ஒளித்துவைக்கும் மரபு, இவ்வாறு, ஒளிக்காமலே தேடச்செய்யும் நிலையை எய்தியது. அந்நிலையை நெடுநாள் முன்னரே எய்தியிருந்த மற்றொரு மரபை இனிக் காண்போம்.

கெடிசின் கோபுரம்

டார்ட்மூரில் புட்டி வைக்கப்பட்ட அதே 1854ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தில் பிறந்தவர் பாட்ரிக் கெடிஸ். உயிர்நூற் புலவராகத் தொடங்கி நகரமைப்பு அறிஞராக விளங்கிய இவர், எடின்பரோ நகரின் பழம்பகுதி நலிந்து கிடந்த காலத்தில் தம் மனைவியார் அன்னாவுடன் அங்கேயே குடிபுகுந்தார். ஏழையரும் எளியரும் நெருங்கி வாழ்ந்த ஜேம்ஸ் கோர்ட் என்னும் முற்றத்தில் வாழ்ந்து, அண்டை வீடுகளைச் சீர்செய்தும் வெற்றிடங்களைத் தோட்டங்களாக்கியும் பணிபுரிந்தார்.

1892இல் அவர் கோட்டையருகே உள்ள கோபுரம் ஒன்றைப் பெற்று, அதனை நோக்குக் கோபுரம் எனப் பெயரிட்டுக் கல்விக்கூடமாக்கினார். அதன் உச்சியில் இருளறைக் காட்சிக் கருவி ஒன்று முன்னரே இருந்தது. ஆடியும் வில்லைகளும் நகரின் அசையும் உருவை வெண்மேசைமீது வீழ்த்தும். காண வருவோர் முதலில் உச்சிக்கு ஏறி அக்காட்சியைக் காணவேண்டும். பின்னர் ஒவ்வொரு தளமாக இறங்கி எடின்பரோ, ஸ்காத்லாந்து, ஆங்கிலம் வழங்கும் நாடுகள், ஐரோப்பா, உலகம் என்னும் முறையில் காட்சிப்பொருள்களைக் கற்கவேண்டும். உலகிலிருந்து ஊருக்கு வருதல் அன்று. ஊரிலிருந்து உலகிற்குச் செல்லுதலே அம்முறை. கண்ணெதிரே உள்ளதை நோக்கக் கற்றவனே காணாததையும் அறியத் தகுதி பெறுவான் என்பது அதன் உட்பொருள். ஏட்டிலுள்ள நகரத்தை விடுத்து, நகரத்தையே ஏடாகக் கொள்ளும் கருத்து இங்கே கால்கொண்டது எனலாம்.

எடின்பரோ வீதியின் நான்கு விடுகதைகள்

அக்கோபுரம் நிற்கும் வீதி, கோட்டையினின்று ஹோலிருட் அரண்மனை வரை ஏறத்தாழ ஒரு மைல் நீளும் அரசவீதியாகும். சிறுவர் புதையல் தேடலுக்கு இவ்வீதியினும் சிறந்த இடம் காண்டல் அரிது. ஈண்டு நான்கு இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எவ்வகை அறிவைத் தருகிறது என ஆராய்வோம்.

அதற்கு முன், விடுகதையைப் பற்றித் தொல்காப்பியர் கூறியிருப்பதை நினைவுகூர்தல் தகும். செய்யுளியலில் அவர் பிசி என்பதனை இருவகைப்படுத்தினார்: ஒப்புமை பற்றி வரும் உவமத்தால் அமைவது ஒன்று, தோன்றுவதனைச் சொல்லி அதனால் மறைந்ததனைத் துணியவைப்பது மற்றொன்று. நகர்த்தேடலின் வினாக்களும் பெரும்பாலும் இவ்விரு வகையுள் அடங்கும்.

முதலாவது, கிளாட்ஸ்டன் இல்லம். இவ்வீட்டை 1617இல் வாங்கியவர் தாமஸ் கிளெட்ஸ்டேன்ஸ் என்னும் வணிகர். இதன் வாயிலில் பொன்முலாம் பூசிய பருந்து ஒன்று தொங்குகிறது. ‘கிளெட்’ என்பது ஸ்காத்து மொழியில் பருந்து வகையைக் குறிக்கும் சொல். பறவையைக் கண்டு உரிமையாளர் பெயரை உய்த்துணர வைக்கும் இது, ஒப்புமை பற்றி வரும் பிசிக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. வழக்கருகிய ஒரு சொல்லையும் சிறுவன் இங்கே கற்கிறான்.

இரண்டாவது, தூய கைல்ஸ் கோயிலருகே தரைக்கற்களில் பதித்த இதய வடிவம். 1817இல் இடிக்கப்பட்ட பழஞ்சிறைக்கூடம் நின்ற இடத்தை அது குறிக்கிறது. சர் வால்டர் ஸ்காட் 1818இல் வெளியிட்ட புதினம் ஒன்றுக்கு அச்சிறையின் பட்டப்பெயரான ‘மிட்லோதியனின் இதயம்’ என்பதே பெயராயிற்று.

மூன்றாவது, கிழக்கே நெதர்போ வாயில் நின்ற இடம். நகரின் எல்லையாக விளங்கிய அவ்வாயில் 1764இல் அகற்றப்பட்டது. சாலைப் பரப்பில் பதித்த பித்தளைக் கட்டிகள் அதன் அடித்தளத்தின் வடிவைக் காட்டுகின்றன. அவற்றின்மேல் ஊர்திகள் ஓடுகின்றன. குனிந்து நோக்குவார் சிலரே. இவை இரண்டும் தோன்றுவது கொண்டு மறைந்ததைத் துணியும் வகையின. இல்லாத கட்டடத்தைத் தரையில் கண்டு மனத்தில் எழுப்பும் பயிற்சியை இவை அளிக்கின்றன. வரலாற்று மாணவர் பிற்காலத்தே செய்யும் பணியும் இதுவே அன்றோ?

நான்காவது எடுத்துக்காட்டு இன்னும் நுண்ணியது. கோட்டை மேட்டில் உள்ள வீடு ஒன்றின் மேற்குச் சுவரில் பீரங்கிக் குண்டு ஒன்று பதிந்திருக்கிறது. 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது கோட்டையினின்று ஹோலிருட்டை நோக்கிச் சுடப்பட்ட குண்டு அது என்பது வழிவழிச் செய்தி. காமிஸ்டன் ஊற்றுகளினின்று குழாய்வழி வந்த குடிநீர் தானே ஏறக்கூடிய மட்டத்தைக் குறிக்க வைக்கப்பட்டது அது என்பது மற்றொரு செய்தி. தேடல் தாள் ‘சுவரில் இருப்பது யாது?’ என்று மட்டும் வினவின், சிறுவன் ‘குண்டு’ எனக் கூறி அகல்வான். ‘அது அங்கே எவ்வாறு வந்தது? இரு செய்திகளுள் எதனைச் சுவர் ஆதரிக்கிறது?’ என வினவின், அவன் நின்று, கோட்டை எத்திசையில் உள்ளது, அரண்மனை எத்திசையில் உள்ளது, இடையே உள்ளவை எவை எனத் தானே நோக்குவான். கேள்வியுற்றதை வேறாகவும் கண்டதை வேறாகவும் வைத்து எடைபோடும் முறையை அவன் அத்தெருவிலேயே பயில்கிறான். இதனை நல்கும் தாள் சிறந்த நூலாகும்.

கோடும் வினாவும்

தாமே ஊர்காண்பார்க்கு வழிகாட்டும் முறைகளுள் மற்றொன்று, தரையில் கோடு இடுதல். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் செய்தித்தாள் எழுத்தாளர் வில்லியம் ஸ்கோஃபீல்டு தந்த கருத்தின்படி 1951இல் விடுதலை வழி வகுக்கப்பட்டது. 2½ மைல் நீளத்தில் வரலாற்றுச் சிறப்புடைய 16 இடங்களை அது இணைக்கிறது. சில ஆண்டுகளில் அவ்வழி நெடுகச் செங்கோடும் இடப்பட்டது. ஜெர்மனியின் ஹானோவர் நகரிலும் 4,200 மீட்டர் நீளமுள்ள செங்கோடு 36 இடங்களைக் கோத்துச் செல்கிறது. அதற்கு அந்நகரார் இட்ட பெயர் ‘சிவப்பு நூல்’ என்னும் பொருளதாகும். எடுத்துக்கொண்ட பொருளினின்று வழுவாது செல்லும் கருத்தோட்டத்தையும் அம்மொழியினர் இத்தொடரால் குறிப்பர். நம் மொழியில் நூல் என்னும் சொல் பெற்ற இரட்டைப் பொருளோடு இஃது ஒத்திருத்தல் கண்டு மகிழத்தக்கது.

ஆயினும், கோட்டிற்கும் வினாவிற்கும் வேறுபாடு உண்டு. கோடு வழி தவறாமல் காக்கும்; அதன் மீது செல்வோன் நிமிர்ந்து நோக்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. நம் ஆற்றுப்படை நூல்கள் பரிசில் பெற்றோன் பெறாதோனுக்கு வழியையும் வழியிடைக் காட்சிகளையும் முன்னரே எடுத்தோதும் இயல்பின. புதையல் தேடலோ, காட்சியை ஓதாமல் மறைத்து, காண்பானையே சொல்லவைக்கிறது. ஆற்றுப்படையில் சொல் முன்னும் காட்சி பின்னும் வரும். தேடலில் காட்சி முன்னும் சொல் பின்னும் வரும். எனவே, விடையைக் கைப்பேசியே ஒலித்துவிடின், அல்லது வீட்டிலிருந்தே கணிப்பொறியில் காணுமாறு வினா அமையின், அது தேடலாகாது. கால்நடையாகச் செல்லும் தேர்வுத்தாளாகவே முடியும்.

தெருவை இழந்த சிறுவர்

கெடிசின் கருத்து பிரிட்டனில் மீண்டும் தழைத்தது 1970களில் ஆகும். நகரமைப்பில் மக்கள் பங்குபெற வேண்டுமென 1969இல் ஸ்கெஃபிங்டன் குழு பரிந்துரைத்தது. 1971இல் நகர–நாட்டமைப்புக் கழகத்தின் கல்வி அலுவலராகப் பொறுப்பேற்ற காலின் வார்டு, அந்தோணி ஃபைசனுடன் சேர்ந்து 1973இல் ஒரு நூல் வெளியிட்டார். பள்ளியின் சுவர்களை உடைத்துக் கல்வியைத் தெருவிற்குக் கொணர்தலே அந்நூலின் பொருள். நகரத் தடம் எனப்பட்ட கையேடுகள் பல ஊர்களில் தோன்றின. 1978இல் வார்டு எழுதிய ‘நகரத்தில் குழந்தை’ என்னும் நூல், சிறுவர் நகரை எங்ஙனம் தமதாக்கிக் கொள்கின்றனர் என்பதை விரிவாக ஆராய்ந்தது.

ஆயின், இந்நூல்கள் வெளிவந்த காலத்திலேயே சிறுவர் தெருவை இழந்துகொண்டிருந்தனர். ஹில்மன் முதலியோர் நடத்திய ஆய்வின்படி, இங்கிலாந்தில் 7, 8 வயதுச் சிறுவருள் தாமே பள்ளி சென்றோர் 1971இல் 100க்கு 80 பேர். 1990இல் 9 பேர் மட்டுமே. ஊர்திப் பெருக்கமும் பெற்றோர் அச்சமும் இதற்குத் தலையாய காரணங்கள். முன்னர்ச் சிறுவன் நாள்தோறும் நடந்து, கடை, பாலம், மரம், சந்து எனத் தானே கற்ற நகரை இன்று அவன் வண்டியின் கண்ணாடி வழியே கடந்து செல்கிறான். விடுமுறை நாளில் பெற்றோர் உடன்வர நிகழும் புதையல் தேடல், இழந்த அவ்வுரிமைக்கு ஈடாகாது. எனினும், அரைநாளேனும் சிறுவன் முன்செல்ல, பெரியோர் பின்செல்லும் நிலையை அது உண்டாக்குகிறது. வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சிறுவனிடம் இருத்தலே இவ்விளையாட்டின் உயிர்நிலை. தாளைத் தந்தை ஏந்தி விடையைத் தாய் உரைப்பின், எஞ்சுவது நடையே.

கெடிசும் தமிழகமும்

இம்மரபு தமிழகத்திற்கு முற்றிலும் புதிதன்று. சென்னை ஆளுநர் பென்ட்லண்டு பெருமகனார் அழைப்பின்பேரில் கெடிஸ் 1914இல் இந்தியா வந்தார். அவர்தம் நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய அதே எம்டன் கப்பல் கடலில் மூழ்கடித்தது. நண்பர்கள் மீண்டும் திரட்டி அனுப்பிய பொருள்களைக் கொண்டு 1915 சனவரியில் சென்னையில் கண்காட்சி நடைபெற்றது. தொடர்ந்து மதுரை, தஞ்சை உள்ளிட்ட ஊர்களைத் தெருத்தெருவாக நடந்து ஆய்ந்து அவர் அறிக்கைகள் எழுதினார். நெருங்கிய பகுதிகளை அகன்ற சாலையிட்டுப் பிளவாமல், சிதைந்த சிலவற்றை மட்டும் நீக்கி எஞ்சியவற்றைக் காக்கும் முறையைத் தஞ்சைக்கு வகுத்தார். அவரது கருவி அளவுகோலினும் கால்களே எனல் மிகையன்று. பின்னர் இந்தூரில், எவ்வழியில் வீடுகள் மிகுதியாகத் தூய்மை செய்யப்படுகின்றனவோ அவ்வழியே தீபாவளி ஊர்வலம் செல்லும் என அறிவித்து, வீதியையே பாடமாக்கினார்.

அவர் நடந்த மதுரையை ஒரு சிறுவன் தேடல் தாளுடன் சுற்றுவானாயின் எவ்வினாக்கள் எழும்? கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என வீதிகள் திங்கட்பெயர் தாங்கி ஒன்றன்புறம் ஒன்றாய்ச் சூழ்கின்றன. எனினும், சித்திரைத் திருவிழாவின் தேர் மாசி வீதிகளில் ஓடுவது ஏன்? முன்னர் மாசியில் நிகழ்ந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என வழங்கும் செய்தி அவ்வினாவிற்கு விடையாகும். அவற்றின் புறத்தே உள்ள வீதிகளுக்குத் திங்கட்பெயர் இன்றி வெளி வீதி என்னும் பெயர் அமைந்தது ஏன்? 1840களில் மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தபோது எழுந்த வீதிகள் அவை. அப்பணியில் ஈடுபட்ட நிலவளவர் ஒருவரையும் மேஸ்திரி ஒருவரையும் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்னும் பெயர்கள் நினைவூட்டுகின்றன. எடின்பரோவில் பித்தளைக் கட்டிகள் செய்யும் பணியை மதுரையில் தெருப்பெயர்ப் பலகை செய்கிறது. நாயக்கர் அரண்மனையின் எச்சமாகச் சந்தில் நிற்கும் பத்துத் தூண்களோ, பொன் முயலினும் சிறந்த புதையலாம். அவற்றைப் பெற எவரும் மண்ணை அகழ வேண்டுவதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சிறுவர் புதையல் தேடல் ஒளித்துத் தேடும் விளையாட்டினின்று ஆர்வத்தையும், நகராய்வினின்று பொருளையும் பெற்றது என்பதும், விடை தாளிலோ கருவியிலோ இன்றி நகரிலேயே இருக்கும்போதுதான் அது கல்வியாகிறது என்பதும் விளங்கும்.

இன்னொன்றும் கருதற்பாலது. தேடல் தாள் ஒன்று அச்சாகிப் பத்தாண்டு கழிந்தபின், ஒரு சிறுமி அதனுடன் தெருவில் நிற்கிறாள் எனக் கொள்வோம். ‘திண்ணைத் தூண்கள் எத்தனை?’ என்பது வினா. திண்ணையும் இல்லை, தூணும் இல்லை, வீடும் இல்லை. புதிய கடையொன்றே உள்ளது. அவள் விடை எழுதாமல் திரும்புவாள். ஆயின், அந்நகர் எதனை இழந்தது என்பதை அவ்வெற்றிடம் எந்த அறிக்கையினும் தெளிவாகப் பதிந்துவிடும். விடையிழந்த வினாக்கள் பெருகாமல் காத்தல் பெரியோர் கடன். வினவக் கற்பித்தல் அதன் முதற்படி. நம் ஊர்களின் தெருப்பெயர்களையும் கல்லெழுத்துகளையும் ஆய்ந்துவரும் தமிழ் மாணவர், தாம் கண்டவற்றுள் சிலவற்றையேனும் சிறுவர்க்குரிய வினாக்களாக்கித் தருவாராயின், நகரே நூலாகும். அதனைக் கற்போர் தெருவெங்கும் தோன்றுவர்.